மலை வருதா பாரு

எங்கள் ஊரில் லென்ஸைச் சோதித்துப் பார்க்கத் தனிச் சாதனம் எதுவும் வேண்டாம். மொட்டை மாடிக்கு ஏறினால் போதும். மேற்கே அண்ணாமலை நிற்கிறது, 2,668 அடி உயரத்துக்கு. தீபக் கொப்பரை வைக்கும் உச்சிப் பாறையின் விளிம்பு, வானத்தில் கோடு கிழித்தது மாதிரித் தெரியும். லென்ஸ் வளையத்தைக் கடைசிவரை திருப்பி, படுத்த எட்டுக் குறிக்குக் கொண்டுவந்து, அந்த விளிம்பைப் பார்க்க வேண்டும். கத்தி மாதிரி நின்றால் லென்ஸும் பாடியும் ஒத்துப்போகின்றன என்று அர்த்தம். கலங்கினால் இரண்டுக்கும் நடுவில் எங்கோ தப்பு இருக்கிறது.

இதைக் கற்றுக்கொடுத்தவர் என் மாஸ்டர். 1984-ல் தேரடி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த அவருடைய ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்தேன். அப்போது எனக்குப் பதினேழு வயது. எந்த லென்ஸ் கைக்கு வந்தாலும் "மேல போய் மலை வருதா பாரு" என்பார். ஒரு கம்பெனி லென்ஸை இன்னொரு கம்பெனி பாடியில் மாட்டுகிற அடாப்டர் ரிங்குகளோடு நாற்பது வருஷம் பழகிவிட்டேன். இன்றைக்கும் ஒரு பையன் புது ரிங்கோடு கடைக்கு வந்தால் நான் கேட்பது மாஸ்டருடைய அதே கேள்விதான்.

மாஸ்டரிடம் ஒரு பென்டாக்ஸ் கே1000 இருந்தது. கூடவே ரஷ்ய ஜெனிட் கேமரா ஒன்று. அதன் ஷட்டர் போய்விட்டது, ஆனால் அதில் இருந்த ஹீலியாஸ் 58 எம்எம் லென்ஸின் கண்ணாடி புதுசு போல இருந்தது. ஹீலியாஸ், பாட்டில் மூடி மாதிரித் திருகி மாட்டுகிற வகை. கே1000 வைத்துத் திருப்பினால் 'க்ளக்' என்று பூட்டிக்கொள்ளும் வகை. இரண்டையும் சேர்க்க மோதிரம் போல ஒரு சின்ன வளையம் வைத்திருந்தார். அது பாடியின் வாய்க்குள்ளேயே போய் உட்கார்ந்துவிடும், வெளியே கொஞ்சமும் துருத்தாது. கழற்றுவதற்கு உள்ளே இருக்கும் ஸ்பிரிங் நாக்கை நகத்தால் அமுக்கிக்கொண்டே திருப்ப வேண்டும். பழகும்வரை என் கட்டைவிரல் நகம் எத்தனை தடவை உடைந்தது என்று கணக்கில்லை.

மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

"மலை வருதா?"

"வருது மாஸ்டர்."

"ஏன் வருதுன்னு தெரியுமா?"

தெரியாது. ஒரு பழைய பில் புத்தகத்தின் பின்பக்கத்தில் கோடு போட்டுக் காட்டினார். ஃபிலிமிலிருந்து இவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் ஒவ்வொரு லென்ஸையும் செய்கிறார்கள். அந்த இடைவெளி சரியாக இருந்தால்தான் தூரத்துப் பொருள் தெளியும். திருகு வகைக்கு அது 45.46 மி.மீ. 1975-ல் திருகை விட்டுப் பூட்டு வகைக்கு மாறிய பென்டாக்ஸ், அந்த 45.46-ஐ மட்டும் மாற்றவில்லை. அதனால்தான் வளையத்துக்குத் தடிமனே தேவைப்படவில்லை, பழைய லென்ஸ்காரர்கள் அத்தனை பேரும் புது பாடிக்கு வர முடிந்தது.

படுத்த எட்டு என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் கேட்டேன். "அடிமுடி காணாததுடா" என்று மலையைக் காட்டினார். பிரம்மாவும் விஷ்ணுவும் தேடிக் காணாத ஜோதி நின்ற இடம் என்று கதை கேட்டு வளர்ந்த பையனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அந்த இடைவெளிக் கணக்கு மண்டையில் ஏற எனக்குப் பத்து வருஷம் ஆனது. 1993-ல் தனியாகத் தொழில் தொடங்கியபோது செகண்ட் ஹேண்டில் நிக்கான் எஃப்எம்2 பாடி வாங்கினேன். லென்ஸுக்குப் பணம் பற்றவில்லை. மாஸ்டரின் ஹீலியாஸ்தான் என்னிடம் இருக்கிறதே என்று சென்னையில் ஒரு கடைக்குப் போய், திருகு லென்ஸை நிக்கானில் மாட்டும் ரிங் ஒன்றை வாங்கினேன். கடைக்காரர் மாட்டியே காட்டினார். கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற அவர் முகத்தைப் பார்த்தேன், மீசை முடி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. சந்தோஷமாக பஸ் ஏறி ஐந்து மணி நேரம் பயணம் செய்து ஊர் வந்து சேர்ந்தேன். மறுநாள் காலையில் மாடிக்குப் போனால் மலை வரவில்லை. கோபுரம் வரவில்லை. எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணிகூட வரவில்லை. இரண்டு மீட்டருக்கு அந்தப் பக்கம் உலகமே கரைந்து கிடந்தது.

மாஸ்டரிடம் ஓடினேன். "நிக்கான் இடைவெளி எவ்வளவு?" என்றார். 46.5. ஹீலியாஸுக்கு வேண்டியது 45.46. அதாவது ரிங்கே இல்லாமல் ஒட்டவைத்தாலும் லென்ஸ் ஒரு மில்லிமீட்டர் முன்னால் நிற்கிறது. ரிங்கின் தடிமன் அதற்கு மேல். "தள்ளி நிக்க வேண்டிய லென்ஸுக்கு நடுவுல ரிங் வெச்சித் தள்ளலாம்டா. ஏற்கெனவே தள்ளி நிக்கிறத எப்படி உள்ள இழுப்ப?" என்றார்.

இந்த வித்தையின் முக்கால்வாசி அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. இடைவெளி அதிகம் வேண்டிய லென்ஸ், இடைவெளி குறைந்த பாடிக்குப் போகும். மாறிப் போகாது. எஸ்எல்ஆர் கேமராக்களில் நிக்கான் இடைவெளி பெரியது, அதனால் நிக்கான் லென்ஸ் பல வீட்டுக்கும் விருந்தாளியாகப் போகும், நிக்கான் பாடி ஏறக்குறைய யாரையும் உள்ளே விடாது. ரிங்குக்குள் சின்னக் கண்ணாடி ஒன்றை வைத்து மலையை வரவைக்கும் வகையும் கடைகளில் கிடைத்தது. வாங்கிப் பார்த்தேன். மலை வந்தது, படத்தின் உயிர் போனது. நல்ல லென்ஸுக்குப் பின்னால் மலிவான கண்ணாடியை ஒட்டுவதை இன்றுவரை நான் யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை.

கண்ணாடி இல்லாத அந்த முதல் ரிங்கை மட்டும் தூக்கிப் போடவில்லை. இரண்டு மீட்டருக்குள் நன்றாகத் தெரிகிறதே. மணப்பெண்ணின் மருதாணிக் கை, தாம்பாளத்தில் வைத்த தாலி, மாலையில் கோத்த மரிக்கொழுந்து எல்லாம் எடுக்க அதைவிட அழகான ஜோடி எனக்கு அமையவில்லை. ஆறேழு வருஷம் என் ஆல்பங்களின் முதல் பக்கம் அந்தத் தப்பான ரிங்கில் எடுத்ததுதான்.

அதே காலத்தில் போளூரிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். கையில் கேனான் ஏஇ-1, நாலு லென்ஸ், எல்லாம் மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பியது. ஆட்டோ ஃபோகஸ் உள்ள புது கேனான் வாங்கப் போகிறேன், இந்த லென்ஸ்கள் அதில் உட்காருமா என்று கேட்டார். அதே கம்பெனி, அதே பெயர், உட்காராமலா போகும் என்பது அவர் நினைப்பு. 1987-ல் கேனான் தன் மவுன்ட்டையே மாற்றிவிட்டது. பழைய எஃப்டி வகையின் இடைவெளி 42 மி.மீ., புது இஎஃப் வகை 44. இரண்டு மி.மீ. பள்ளம். சொந்தக் கம்பெனிக்குள்ளேயே பாலம் இல்லை என்பதை அவருக்குப் புரியவைக்கத் தமிழில் எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பழைய பாடியையே சர்வீஸ் செய்து கொடுத்தேன். பின்னால் எஃப்டி லென்ஸ்களை யாரும் சீந்தவில்லை. 2003-ல் ஒருவர் 50 எம்எம் லென்ஸ் ஒன்றை நானூறு ரூபாய்க்கு என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். கண்ணாடியில் பங்கஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எடுத்து வைத்தேன்.

டிஜிட்டல் வந்த பிறகு, 2010-ல் நான் கேனான் பாடிக்கு மாறினேன். பையில் இருந்ததெல்லாம் நிக்கான் லென்ஸ். இந்தத் தடவை கணக்கு என் பக்கம் இருந்தது. 46.5-லிருந்து 44 போனால் 2.5 மி.மீ. அந்தத் தடிமனுக்கு ரிங் கிடைத்தது. மாட்டியதும் மலை வந்தது. ஆனால் பாடிக்கும் லென்ஸுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அபெச்சரை லென்ஸில் உள்ள வளையத்தால் நாமே திருப்ப வேண்டும், மூடினால் வ்யூஃபைண்டரும் இருட்டிவிடும். அதனால் முழுக்கத் திறந்து ஃபோகஸ் வைத்து, கண்ணை எடுக்காமல் இடது கை விரலால் 'டக், டக், டக்' என்று எண்ணி மூடி, மூச்சைப் பிடித்து அழுத்துவேன். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டத்தில் அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். வடம் பிடித்த கைகளையும் வியர்வை வழியும் முகங்களையும் 105 எம்எம் லென்ஸில் அப்படி எண்ணி எண்ணித்தான் எடுத்தேன். நூற்றில் முப்பது தேறும். அந்த முப்பதை என் வாழ்நாளின் நல்ல படங்கள் என்று சொல்வேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அபெச்சர் வளையம் இருக்கிற லென்ஸுக்குத்தான் இந்தச் சாதா ரிங் ஒத்துவரும். கேனான் இஎஃப் லென்ஸில் அபெச்சரை இயக்குவது கரன்ட். சாதா ரிங்கில் மாட்டினால் அது முழுசாகத் திறந்தபடியே நிற்கும்.

கண்ணாடிப் பெட்டி போன கேமரா வந்ததும் எல்லாம் தலைகீழானது. எஸ்எல்ஆரில் லென்ஸுக்கும் சென்சாருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி எழுந்து விழ இடம் வேண்டும், அதனால்தான் இடைவெளி நாற்பதுக்கு மேல். மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே இல்லை. சோனி இ மவுன்ட்டுக்கு 18 மி.மீ., நிக்கான் இசட்டுக்கு 16, கேனான் ஆர்எஃப்புக்கு 20. பழைய எஸ்எல்ஆர் லென்ஸ் எதுவானாலும் இனி நடுவில் இடம் இருக்கிறது, வேண்டிய நீளத்துக்கு ஒரு குழாய் வைத்தால் போதும். 2015-ல் சோனி ஏ7 வகை பாடி ஒன்று வாங்கினேன். முதலில் மாட்டியது அந்த நானூறு ரூபாய் எஃப்டி லென்ஸைத்தான். 42-ல் 18 போனால் 24 மி.மீ. குழாய். மாடிக்குப் போனேன். திரையில் உச்சிப் பாறையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விளிம்பு நின்றது. யாருக்கும் வேண்டாம் என்று பன்னிரண்டு வருஷம் பீரோவில் கிடந்த லென்ஸ். போளூர் வாத்தியார் ஞாபகம் வந்தது.

அதன் பிறகு ரிங் வாங்குவது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. மலிவாக வாங்கியவற்றில் பாதிக்கு மேல் அளவு பிசகு. தெரிந்த லேத் பட்டறை அண்ணன் ஒருவர் மோட்டார் ஷாஃப்ட் கடைபவர், அவர் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து தருவார். நிக்கானிலிருந்து சோனிக்கு 28.5 இருக்க வேண்டிய ரிங் ஒன்று 28.6 இருந்தது. "பத்துல ஒரு பங்குதான தம்பி, இதுல இன்னா ஆவப்போவுது?" என்றார். ஆகும். 50 எம்எம் லென்ஸில் அந்தப் பத்தில் ஒரு மில்லிமீட்டர், ஃபோகஸை 25 மீட்டரில் நிறுத்திவிடும், மலை வராது. 20 எம்எம் வைட் லென்ஸில் நாலு மீட்டரிலேயே நிறுத்திவிடும். சொன்னதும் நம்பாமல் என்னோடு மாடிக்கு ஏறி வந்து பார்த்தார். இறங்கிப் போய் லேத்தில் வைத்து 0.1 மி.மீ. சீவினார். மறுபடி ஏறிப் பார்த்தோம். அன்றிலிருந்து என் ரிங்குகளுக்கு அவர் கூலி வாங்குவதில்லை.

இந்தச் சிக்கலுக்குப் பயந்து பல கம்பெனிகள் ரிங்கை வேண்டுமென்றே கொஞ்சம் மெல்லிசாகச் செய்கின்றன. மெல்லிசானால் மலை தவறாமல் வரும், படுத்த எட்டுக் குறிக்கு முன்னாலேயே வந்துவிடும். கண்ணால் பார்த்து ஃபோகஸ் வைப்பவருக்கு அதில் நஷ்டமில்லை. இருட்டில் குறியை நம்பிக் கடைசிவரை திருப்பிவைத்துவிட்டு எடுப்பவருக்கு அத்தனை படமும் போகும்.

ரிங்கின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. நானும் பார்த்ததில்லை, 2016 தீபம்வரை. சாயங்காலம் ஆறு மணிக்கு அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி கொடுத்ததும் மேலே தீபம் ஏறியது. ஊரே "அரோகரா" என்றது. 200 எம்எம் நிக்கான் லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் ஒவ்வொரு படத்திலும் கறுப்பு வானத்தின் நடுவில் மங்கலாக ஒரு வெள்ளைத் தேமல். லென்ஸைத் துடைத்தேன், ஃபில்டரைக் கழற்றினேன், தேமல் போகவில்லை. கடைசியில் ரிங்கைக் கழற்றி விளக்குக்கு நேரே பிடித்தபோது தெரிந்தது. உள்சுவர் கறுப்புதான், ஆனால் பளபளக்கிற கறுப்பு. தெரு விளக்கும் சீரியல் லைட்டும் அதில் பட்டு சென்சார்மேல் விழுந்திருக்கின்றன. நகைப் பெட்டிக்குள் ஒட்டுகிற கறுப்பு வெல்வெட்டை வாங்கி, பட்டை பட்டையாக வெட்டி உள்ளே ஒட்டினேன். தீபம் பதினோரு நாள் எரியும் என்பதால் மூன்றாம் நாள் ராத்திரி திரும்ப எடுக்க முடிந்தது. தேமல் இல்லை. இப்போது எந்த ரிங் வாங்கினாலும் முதல் வேலை வெல்வெட்தான்.

இன்னொரு தடவை மலையே ஆடியது மாதிரிப் படங்கள் வந்தன. பாடி கை நடுக்கத்தைச் சரிசெய்ய வேண்டுமென்றால் எத்தனை எம்எம் லென்ஸ் என்பது அதற்குத் தெரிய வேண்டும். பழைய லென்ஸ் அதைச் சொல்லாது, மெனுவில் நாம்தான் எண் போட வேண்டும். 50 என்று போட்டிருந்ததை மாற்றாமல் 200-ஐ மாட்டியிருந்தேன். 'லென்ஸ் இல்லாமலும் ஷட்டர் விழலாம்' என்கிற செட்டிங்கும் அதே மாதிரி. அதைப் போடாமல் "அடாப்டர் வேலை செய்யவில்லை" என்று திருப்பிக் கொடுக்கப் போனவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

செங்கம் ரோட்டுப் பக்கம், ரமணாசிரமத்துக்கு வருகிற வெளிநாட்டுக்காரர்களால் எனக்கு வந்த அனுபவம் தனி. ஒரு வயதான அம்மா, அப்பா விட்டுப்போன 50 எம்எம் லைக்கா லென்ஸைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். திருகு வகை. அவர் கையில் இருந்ததோ சோனி. 1950 ஏப்ரலில் ஃபிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெசோன் இதே ஆசிரமத்தில் தங்கி, ரமணரின் கடைசி நாட்களில் அவரைப் படம் எடுத்தார். அவரும் லைக்காக்காரர். அந்தக் காலத்து லைக்காவுக்குத் திருகு மவுன்ட், 28.8 மி.மீ. 1954-ல் எம்3 வந்தபோது பூட்டு வகைக்கு மாறினார்கள், இடைவெளி 27.8. சரியாக ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம், ஒரு மில்லிமீட்டர் வளையத்தை வைத்தால் பழைய லென்ஸ் புது பாடியில் உட்காரும். பழைய லென்ஸ்களையும் கூட்டிக்கொண்டே மவுன்ட் மாற்றுவது எப்படி என்பதற்கு இதைவிட நேர்த்தியான உதாரணம் எனக்குத் தெரியாது. அந்த அம்மாவுக்கு ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ரிங் போட்டேன். முதலில் அந்த ஒரு மில்லிமீட்டர் வளையம், அதன்மேல் 9.8 மி.மீ. ரிங். மாடிக்குக் கூட்டிப்போனேன். மலை வந்தது. கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமல் ரொம்ப நேரம் நின்றார். அப்பாவின் கையெழுத்தைப் படிப்பது போல இருக்கிறது என்றார்.

சிப் வைத்த அடாப்டர்கள் வேறு ஜாதி. ஆட்டோ ஃபோகஸ், அபெச்சர் எல்லாம் வேலை செய்யும். 2018-ல் கேனானும் நிக்கானும் முழு அளவு மிரர்லெஸ் கொண்டுவந்தபோது தங்கள் பழைய லென்ஸ்களுக்குத் தாங்களே அடாப்டர் செய்தார்கள். கேனானுடையது கச்சிதமாக வேலை செய்கிறது. நிக்கானின் எஃப்டிஇசட்டில் ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். அதற்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. நம் கல்யாணக்காரர்கள் பலர் வைத்திருக்கும் பழைய ஏஎஃப்-டி லென்ஸ்கள் பாடி மோட்டாரை நம்பி ஓடியவை, எஃப்டிஇசட்டில் அவை கையால் ஃபோகஸ் செய்கிற லென்ஸாகிவிடும். தெரியாமல் பாடியை மாற்றிவிட்டு வந்து நிற்கிறார்கள்.

மூன்றாம் கம்பெனி சிப் அடாப்டரை நம்பி நான் பட்டதைச் சொல்லத்தான் வேண்டும். 2019 ஆவணியில் ஒரு முகூர்த்தம். கேனான் லென்ஸ், சோனி பாடி, நடுவில் அந்த அடாப்டர். இரண்டு மாதமாக ஒரு குறையும் இல்லை. கெட்டிமேளம் என்று ஐயர் கை காட்டினார். மாப்பிள்ளை முதல் முடிச்சுப் போடும் நேரம் திரை உறைந்தது. ஆன், ஆஃப் எதற்கும் அசையவில்லை. பேட்டரியைப் பிடுங்கித் திரும்பப் போட்டேன். கேமரா எழுந்தபோது மூன்றாவது முடிச்சை நாத்தனார் போட்டுக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் நின்ற என் தம்பி எடுத்திருந்ததால் ஆல்பம் தப்பித்தது. பெண்ணின் அப்பாவிடம் நடந்ததை அன்று சாயங்காலமே சொல்லி, பாதிப் பணம் போதும் என்றேன். அவர் முழுசாகத்தான் கொடுத்தார். அந்த ராத்திரி எனக்குத் தூக்கமில்லை.

அன்றிலிருந்து முகூர்த்தத்துக்கு பாடியின் சொந்த லென்ஸ் மட்டும்தான். அடாப்டரும் பழைய லென்ஸும் நலங்குக்கும், பெண் அலங்காரத்துக்கும், மறுவீட்டுக்கும். திரும்ப எடுக்க முடிகிற இடத்தில்தான் ரிங்.

உங்கள் வீட்டுப் பீரோவில் அப்பாவோ தாத்தாவோ விட்டுப்போன லென்ஸ் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். வெயிலுக்கு நேரே பிடித்து உள்ளே சிலந்தி வலை மாதிரிப் பூசணம் இருக்கிறதா என்று பாருங்கள். அபெச்சர் இதழ்கள் திறந்து மூடுகின்றனவா பாருங்கள். இரண்டும் சரி என்றால் அதற்கு ஒரு ரிங் நிச்சயம் கிடைக்கும். கடையில் மாட்டிக் காட்டும்போது கவுன்ட்டரைப் பார்க்காதீர்கள், லென்ஸைக் கடைசிவரை திருப்பிக்கொண்டு வாசலுக்கு வந்து, கண்ணுக்கு எட்டுகிற கடைசிப் பொருளைப் பாருங்கள். திருவண்ணாமலைப் பக்கம் வந்தால் எங்கள் மாடிப் படிக்கட்டுக்குப் பூட்டு இல்லை.